வெறுமை தாங்கும் பாரம்

மட்டக்களப்பிலிருந்து கடலோரமாகத் தெற்கு நோக்கிச் செல்லும் வீதி கல்முனை, காரைதீவு, நிந்தவூர், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று ஆகிய ஊர்களைக் கடந்து, தம்பிலுவிலையும் தாண்டித் திருக்கோவிலை அடைகின்றது. சித்திர வேலாயுத சுவாமி கோயிலின் அருகே கடல்; ஊரின் மேற்கே நெல்வயல்கள். இடைப்பட்ட நிலம் மணற்பாங்கானது. இந்நிலத்தில் தண்ணீருக்காகப் பாதாளம் வரை தோண்ட வேண்டியதில்லை. சில முழம் அகழ்ந்தாலே பூவலில் நீர் ஊறும். ஆதலால் கைப்பம்பும், அதன் பின் எண்ணெயால் ஓடும் நீரிறைக்கும் இயந்திரமும் வந்தபோது, இக்கரையோரத்துக்கு அவை மிகவும் பொருந்தின.

இயந்திரத்தை நிறுத்திவிட்டு மாலையில் வீடு திரும்பும் தோட்டக்காரர் மறுநாட் காலை வந்து அதனை முடுக்கும்போது, இரண்டில் ஒன்று நிகழும். ஒன்று, முடுக்கிய உடனே தண்ணீர் குழாயில் ஏறிப் பாயும். அல்லது இயந்திரம் வெறுமனே இரையும். ஒரு துளி நீரும் வராது. அப்போது அவர் வாளியில் நீர் மொண்டு இயந்திரத்தின் வாயில் ஊற்றி நிரப்ப வேண்டும். இந்த வேறுபாட்டுக்குக் காரணம், கிணற்றினுள் மூழ்கியிருக்கும் குழாயின் அடியிலே பொருத்திய ஒரு சிறு மூடி. இயந்திரக்காரர் அதனைப் 'புட்வால்வு' என்பர். மேல் நோக்கி வரும் நீருக்கு அது திறந்து வழிவிடும். கீழ் நோக்கி இறங்க முயலும் நீரின் பாரத்தாலேயே அது இறுக மூடிக்கொள்ளும். அதற்குக் காவலாள் வேண்டியதில்லை. எந்த நீர் தப்பி ஓட முயல்கின்றதோ, அந்த நீரே தனக்குத் தாழ்ப்பாள் ஆகின்றது.

இச்சிறு மூடியின் வரலாறு பெரிது. இன்று கட்டட வேலைத்தலங்களிலும் தொழிற்சாலைகளிலும் பெருங் கண்ணாடித் தகடுகளையும் உருக்குத் தகடுகளையும் கருங்கற் பலகைகளையும் கொக்கியும் கயிறுமின்றி, இறப்பர்க் கிண்ணங்களால் பற்றி அந்தரத்தில் தூக்கும் கருவிகள் உள்ளன. அவற்றைத் தாங்குவது வெற்றிடம். அந்த வெற்றிடம் கைவிட்டால் கீழே நிற்பவரின் கதி என்ன என்னும் கேள்விக்கு மனிதர் விடை தேடிய கதையே இங்கு சொல்லப்படுவது.

முதலில் ஒரு மயக்கத்தை நீக்கிக்கொள்ள வேண்டும். வெற்றிடம் எதனையும் இழுப்பதில்லை. இல்லாத ஒன்று எவ்வாறு இழுக்கும்? இத்தாலி நாட்டு கலிலியோ 1638-இல் வெளியிட்ட நூலிலே, உறிஞ்சு பம்பு 18 இத்தாலிய முழத்துக்கு மேல் தண்ணீரை எழுப்ப மறுப்பதைக் குறிப்பிடுகின்றார். பம்பு பழுதென்று எண்ணித் திருத்துவோரை அழைத்தால், பழுது எதுவும் இல்லை, எந்தப் பம்பும் அதற்கு மேல் ஏற்றாது என்பதே விடையாக வந்தது. கலிலியோவின் இறுதி நாட்களில் அவருடன் இருந்த தொரிச்செல்லி இப்புதிருக்கு விடை கண்டார். 1644-இல் இரசம் நிரப்பிய கண்ணாடிக் குழாயைத் தலைகீழாய் நிறுத்தியபோது, இரசம் ஏறத்தாழ 76 சென்ரிமீற்றர் உயரத்தில் நின்றது. வெளியே நம்மைச் சூழ்ந்துள்ள காற்றுக் கடலின் பாரமே அதனைத் தாங்கி நிற்கின்றது என்றார் அவர். நான்கு ஆண்டுகள் கழிந்து, 1648-இல், பிரெஞ்சு அறிஞர் பஸ்கால் தம் மைத்துனரைக் கொண்டு இரசக் குழாயை மலையுச்சிக்கு எடுத்துச் செல்வித்தார். மேலே செல்லச் செல்ல இரசத்தின் மட்டம் தாழ்ந்தது. ஐயம் தீர்ந்தது.

கணக்கு எளிதே. கடல் மட்டத்தில் ஒவ்வொரு சதுர அங்குலத்தின் மீதும் காற்று ஏறத்தாழ 14.7 இறாத்தல் பாரத்துடன் அமுக்குகின்றது. இவ்வமுக்கம் தண்ணீரை 10.3 மீற்றர் வரையே உயர்த்த வல்லது. திருக்கோவிலின் மணற்கிணறுகள் இவ்வெல்லைக்குள் அடங்குவதால் உறிஞ்சு பம்பு அங்கே வேலை செய்கின்றது. ஆழக் கிணறுள்ள ஊராயின், இயந்திரத்தையே கிணற்றுள் இறக்கினாலன்றிப் பயனில்லை.

வெற்றிடத்தின் வலிமையை ஊரறியக் காட்டியவர் ஜேர்மனியின் மக்டபூர்க் நகரத்தைச் சேர்ந்த ஒட்டோ வொன் கெரிக்கே. 1631-இல் போரில் எரிந்து பாழான அந்நகரத்தை மீளக் கட்டுவதில் உழைத்த பொறியாளர் அவர். பின்னர் நகர முதல்வராகவும் விளங்கினார். காற்றை வெளியேற்றும் பம்பினை ஆக்கி 1654-இல் ரேகன்ஸ்பூர்க் நகரில் பேரரசர் முன்னிலையில் காட்டினார். 1657-இல் தம் சொந்த ஊரில் அவர் நிகழ்த்திய காட்சி பள்ளிப் பாடநூல்களிலெல்லாம் இடம்பெற்றது. செம்பினால் ஆன இரு அரைக்கோளங்கள். இடையே மெழுகில் தோய்த்த ஒரு தோல் வளையம். உள்ளே இருந்த காற்றை வெளியேற்றியபின் இருபுறமும் எட்டெட்டாகப் பதினாறு குதிரைகளைப் பூட்டி இழுப்பித்தனர். கோளம் எளிதில் பிரிந்தபாடில்லை. அரை மீற்றர் குறுக்களவுள்ள கோளத்தில் காற்று முழுவதும் நீங்கியிருந்தால், அதனைப் பிரிக்க ஏறத்தாழ இரண்டு தொன் பாரத்துக்கு ஈடான வலு வேண்டும்.

குதிரைகளைப் பற்றி எல்லோரும் பேசுவர். அந்தக் கோளத்தில் இருந்த குழாய்த் திருகியைப் பற்றிப் பேசுவோர் குறைவு. அதனைத் திறந்ததும் காற்று உட்புகும். பதினாறு குதிரைகளுக்கு இணங்காத அரைக்கோளங்கள் அக்கணமே தாமாக விலகும். ஒரு சிறுவனின் விரல் போதும். வெற்றிடத்தின் பெருமையும் அபாயமும் ஒரே இடத்தில் இருப்பதைக் கெரிக்கேயின் திருகி காட்டிவிட்டது. கயிறு அறுமுன் நாரொன்று தெறிக்கும். மரம் முறியுமுன் முனகும். வெற்றிடம் கைவிடும்போது அத்தகைய எச்சரிக்கை பெரும்பாலும் கிடைப்பதில்லை. இருக்கும் வரை முழுப் பலம். காற்றுக்கு ஒரு வழி கிடைத்தால் ஒன்றுமில்லை.

ஆயினும் அடுத்த இருநூறு ஆண்டுகளில் மனிதர் வெற்றிடத்தின் பலத்தை வளர்ப்பதிலேயே கருத்தூன்றினர். 1712-இல் நியூக்கொமன் அமைத்த இயந்திரம் நீராவியைக் குளிரச் செய்து வெற்றிடம் உண்டாக்கி, வெளிக்காற்றின் அமுக்கத்தால் சுரங்கத்து நீரை இறைத்தது. பாதுகாப்பு என்னும் சிந்தை வேறொரு திசையிலிருந்து வந்தது.

எலைஷா ஓட்டிஸ் என்னும் அமெரிக்கத் தொழிலாளர் கட்டில் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் வேலை பார்த்தவர். பொருள்களை மாடிக்குத் தூக்கும் மேடையின் கயிறு அறுந்தால் என்செய்வது என்று எண்ணி, 1852 அளவில் ஒரு சாதனத்தை அமைத்தார். மேடையின் மேல் வளைந்த உருக்கு வில் ஒன்று. கயிற்றின் இழுவையே அந்த வில்லை அடக்கி வைத்திருக்கும். கயிறு அறுந்தால் வில் விடுபட்டு விரிந்து, இருமருங்கும் உள்ள பற்சட்டங்களில் நாக்குகளைச் செருகிவிடும். 1854-இல் நியூயோக் நகரக் கண்காட்சியில் மேடையின் மீது தாமே ஏறி நின்று, மேலே கட்டியிருந்த கயிற்றை வெட்டச் செய்தார். கூடியிருந்தோர் திகைத்தனர், மேடை சற்றே அசைந்து நின்றுவிட்டது. 1857-இல் அந்நகரத்துக் கடையொன்றில் மக்கள் ஏறும் மின்னுயர்த்திகளுக்கெல்லாம் முன்னோடியான உயர்த்தி அமைந்தது. வானளாவும் கட்டடங்கள் எழுந்ததற்கு உருக்கு எவ்வளவு காரணமோ, அந்தச் சிறு வில்லும் அவ்வளவு காரணம்.

தமிழ்நாட்டு ஏரிகளைக் கண்டோருக்கு இக்கருத்து முற்றிலும் புதிதன்று. பல்லவர், பாண்டியர் காலந்தொட்டு அமைந்த குமிழித் தூம்பிலே, நீருக்கடியில் உள்ள துளையை மேலிருந்து ஓர் அடைப்பினால் மூடுவர். ஏரியில் நீர் பெருகப் பெருக, அந்த அடைப்பைத் துளையினுள் அமுக்கும் பாரமும் பெருகும். அபாயம் வளர வளரப் பூட்டும் இறுகும். அக்காலக் கல்தச்சர் தொரிச்செல்லியை அறியார், நீரை அறிந்திருந்தார்கள்.

இனி, இக்கதையின் துயரமான பகுதிக்கு வரவேண்டும். 1889ஆம் ஆண்டு ஜூன் 12ஆம் நாள் அயர்லாந்தின் ஆர்மா நகரிலிருந்து ஞாயிறு வேதபாடசாலைப் பிள்ளைகளையும் பெற்றோரையும் ஏற்றிக்கொண்டு ஓர் உல்லாசப் புகையிரதம் கடற்கரை நோக்கிப் புறப்பட்டது. பெட்டிகள் பதினைந்து. சில மைல் தூரத்தில் ஏற்றம் ஒன்றின் உச்சியை நெருங்கும்போது எஞ்சின் திணறி நின்றுவிட்டது. வண்டியை இரு கூறாகப் பிரித்து, முன்னிருந்த ஐந்து பெட்டிகளை முதலிற் கொண்டு செல்வது என்று முடிவு செய்தனர்.

அவ்வண்டியில் வெற்றிடப் பிரேக்கு இருந்தது. ஆனால் அது ஸ்மித் என்பார் வகுத்த எளிய முறையினது. எஞ்சின் குழாயிலிருந்து காற்றை உறிஞ்சினால் பிரேக்குப் பற்றும். குழாயினுள் காற்றுப் புகுந்தால் பிரேக்கு விட்டுவிடும். பெட்டிகளைப் பிரிக்கும்போது குழாயையும் பிரித்தாக வேண்டும். அக்கணமே பின்னிருந்த பத்துப் பெட்டிகளைப் பற்றி நின்ற பலம் மறைந்தது. எஞ்சியது கடைசிப் பெட்டியின் கைப்பிரேக்கும், சில்லுகளின் கீழ் அவசரமாகச் செருகிய சில கற்களுமே. முன்பகுதி புறப்படுமுன் சற்றே பின்வாங்கிப் பின்பகுதியை இடித்தது. கற்கள் நொறுங்கின. பிள்ளைகள் நிறைந்த பெட்டிகள் இறக்கத்தில் உருளத் தொடங்கி, வேகமெடுத்து, பின்னால் வந்துகொண்டிருந்த மற்றொரு வண்டியோடு மோதின. மாண்டோர் 80 பேர். அவருட் பலர் சிறுவர்.

இன்னுமொரு செய்தி நெஞ்சை உறுத்துவது. சீட்டில்லாதோர் ஏறிவிடாதபடி அப்பெட்டிகளின் கதவுகளைப் பூட்டியிருந்தார்கள். சீட்டைக் காப்பதற்குப் பூட்டு இருந்தது. உயிரைக் காப்பதற்கு இருக்கவில்லை.

பிரித்தானியப் பாராளுமன்றம் அவ்வாண்டே சட்டம் இயற்றியது. பிரயாணிகள் வண்டிகளிலே எல்லாப் பெட்டிகளுக்கும் தொடர்ச்சியான, தானியங்கிப் பிரேக்கு இருத்தல் வேண்டும் என்பது அதன் கட்டளைகளுள் ஒன்று. தானியங்கி என்ற சொல்லில்தான் மாற்றம் முழுவதும் அடங்கியது. பழைய முறையைத் தலைகீழாய்த் திருப்பினர். புதிய முறையில் வண்டி ஓடும்போது குழாய் முழுவதும் வெற்றிடமாக இருக்கும். அந்நிலையில் பிரேக்கு விலகியிருக்கும். குழாய் அறுந்தாலோ, பெட்டிகள் பிரிந்தாலோ, காற்றுப் புகுந்து பிரேக்கைத் தானே பற்றச் செய்யும். முன்பு உயிரைப் பறித்த அதே ஒழுக்கு இப்போது வண்டியை நிறுத்தும் காவலாயிற்று.

இது எவ்வாறு இயலும் என்று நேயர்கள் வியக்கலாம். ஒவ்வொரு பெட்டியின் கீழும் ஓர் உருளை. அதனுள் மேலும் கீழும் அசையும் ஆடுதண்டு. வண்டி ஓடும்போது ஆடுதண்டின் மேலும் கீழும் வெற்றிடம். ஆயின் மேலறைக்குச் செல்லும் வழியிலே ஒரு சிறு குண்டு வால்வு உண்டு. மேலறையின் காற்று வெளியேற அது இடங்கொடுக்கும். திரும்பிப் புக விடாது. குழாயிற் காற்றுப் புகும்போது, அக்காற்று கீழறையை நிரப்பும். மேலறையின் வாயிலைக் குண்டு அடைத்துக்கொள்ளும். மேலே வெற்றிடம், கீழே காற்று. ஆடுதண்டு மேலே தூக்கப்படும். அதனோடு பிணைத்த சட்டங்கள் பிரேக்குக் கட்டைகளைச் சில்லின் மேல் அமுக்கும். திருக்கோவிற் கிணற்றடியில் நீர் காக்கும் மூடியும், புகையிரதத்தில் வெற்றிடம் காக்கும் குண்டும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் என்றால் மிகையாகாது.

இலங்கைக்கும் இம்முறை வந்தது. 1928-இல் மட்டக்களப்புக்குப் புகையிரதப் பாதை திறந்தபின், கல்முனையிலும் அக்கரைப்பற்றிலும் திருக்கோவிலிலும் இருந்து கொழும்புக்குச் செல்லும் வணிகரும் மாணவரும் போடிமாரும் வீதிவழியே மட்டக்களப்பை அடைந்து அங்கே கோச்சி ஏறுவர். அம்பாறைக் கரையோரத்துக்கு இருப்புப்பாதை வந்ததில்லை. பெட்டியினுள் தலைக்கு மேலே தொங்கிய அபாயச் சங்கிலியைப் பார்த்துப் பிள்ளைகள் பெற்றோரைத் துளைத்துக் கேட்பதுண்டு. அச்சங்கிலி எஞ்சின் சாரதியின் காதில் மணி அடிப்பதற்கென்று பலர் நினைத்தனர். உண்மையில் அதனை இழுத்தால் வெற்றிடக் குழாயில் ஒரு வாய் திறந்து காற்றுப் புகும். பிரேக்குப் பற்றத் தொடங்கும். தண்டம் அறவிடப்படும் என்ற அறிவித்தலுக்கு அஞ்சி அதைத் தொடாதிருந்தோருக்கு, தங்கள் தலைக்கு மேல் தொங்கியது கெரிக்கேயின் திருகியின் பேரப்பிள்ளை என்பது தெரிய நியாயமில்லை.

பூட்டு இருந்தால் மட்டும் போதுமா? 1831-இல் அமெரிக்காவின் தென் கரோலினா மாகாணத்தில் 'சார்ள்ஸ்டனின் நண்பன்' என்று பெயரிய எஞ்சின் ஒன்று ஓடியது. அதன் கொதிகலத்தில் ஆவி மிகுந்தால் வெளியேற்றும் காப்பு வால்வு இருந்தது. அது சீறும் ஓசை நெருப்பிடுவோனுக்குத் தொல்லையாகத் தோன்றியது. அவன் வால்வு திறவாதபடி அதனை அமுக்கி வைத்தான். கொதிகலம் வெடித்தது. அவனே அதற்குப் பலியானான். கைக்கெட்டும் பூட்டைக் கை வெல்லும் என்பதைப் பொறியாளர் இத்தகைய நிகழ்ச்சிகளாற் கற்றனர்.

இவ்வளவு அனுபவமும் திரண்டு வந்து சேர்ந்த இடம் இன்றைய வெற்றிடத் தூக்குக் கருவி. முப்பது சென்ரிமீற்றர் குறுக்களவுள்ள ஒரு கிண்ணம், முழு வெற்றிடத்தின் அறுபது வீதத்தை அடைந்தால், ஏறத்தாழ 430 கிலோகிராம் பாரத்தைத் தாங்கும். ஆனால் அதில் அவ்வளவு பாரம் ஏற்றலாகாது. ஈ.என். 13155 என்னும் ஐரோப்பிய நியமம், அனுமதித்த பாரத்தைப் போல் குறைந்தது இருமடங்கைக் கருவி தாங்க வேண்டும் என்று விதிக்கின்றது. ஆகவே அக்கிண்ணத்துக்கு உரியது 215 கிலோகிராம்தான். அதுவும் தகட்டின் மேற்புறத்தைப் பற்றி நேராகத் தூக்கும்போது. கண்ணாடியைச் செங்குத்தாக நிறுத்திப் பக்கவாட்டில் பற்றினால், இறப்பரின் உராய்வையே நம்ப வேண்டியிருத்தலால் அனுமதிப் பாரம் இன்னும் குறையும். ஈரமும் எண்ணெயும் அதனை மேலும் குறைக்கும்.

அடுத்து மின்சாரம் நின்றால் என்ன? பம்பு ஓயும். அப்போது கிண்ணங்களிலுள்ள வெற்றிடத்தைக் காப்பது, பம்புக்கும் சேமிப்புக் கலத்துக்கும் இடையே உள்ள ஒருவழி வால்வு. வெளிக்காற்று உட்புக முயலும் அமுக்கமே அதனை இறுக மூடிவிடும். சேமிப்புக் கலத்தில் உள்ள வெற்றிடம் பாரத்தைப் பத்திரமாகக் கீழே இறக்கும் அவகாசத்தை அளிக்கும். வெற்றிடம் குறையத் தொடங்கினால் மணியோ விளக்கோ எச்சரிக்கும். கட்டட வேலைத்தலங்களில் இதுவும் போதாதென்று, கிண்ணம் விட்டாலும் பாரத்தை ஏந்தும் சங்கிலி போன்ற இரண்டாவது பிடி, அல்லது தனித்தனி வால்வுகளுடன் இரு சேமிப்புக் கலங்கள் வேண்டும் என்பது விதி.

மனிதரின் கை தவறுவதற்கும் ஒரு பூட்டு உண்டு. பாரத்தை விடுவிக்கும் பிடியை ஓர் அசைவினாலே திறக்க இயலாது. முதலில் தாழை விலக்க வேண்டும். பின்னரே பிடியைத் திருப்பலாம். முழங்கை பட்டோ, சட்டைக் கை சிக்கியோ நேரும் ஓர் அசைவு பாரத்தைக் கீழே தள்ளாது. சில கருவிகளில் பாரம் அந்தரத்தில் தொங்கும்போது இரண்டு அசைவும் செய்தாலும் திறவாது. தரையில் அமர்ந்து பாரம் நீங்கிய பின்னரே திறக்கும். பதினாறு குதிரைகள் முடியாததைச் செய்த அந்தச் சிறுவனின் விரலுக்கு, முந்நூறு ஆண்டுகள் கழித்து இட்ட விலங்கு இது.

பம்பே இல்லாத மற்றொரு வகையும் உள்ளது. அதிலே தூக்கும் பாரமே உருளையினுள் ஆடுதண்டை இழுத்து வெற்றிடத்தை உண்டாக்கும். பாரம் கூடுந்தோறும் பிடியும் இறுகும். ஏரித் தூம்பின் அடைப்பைச் செய்த கல்தச்சர் இதனைக் கண்டால் சில கேள்விகளுக்குள் விளங்கிக்கொண்டிருப்பார்.

கண்ணாடி பொருத்துவோர் கையிலே எடுத்துச் செல்லும் சிறு கிண்ணங்களில் அலாரமும் மின்சாரமும் இல்லை. கிண்ணத்தின் பக்கத்தில் ஒரு சிறு அமுக்கி. அதனை அமுக்கி அமுக்கிக் காற்றை வெளியேற்றுவர். வெற்றிடம் குறைந்தால் அமுக்கி மெல்ல வெளியே தள்ளப்படும். அதன் தண்டில் தீட்டிய சிவப்புக் கோடு கண்ணுக்குத் தெரியும். தெரிந்தால் உடனே மீண்டும் அமுக்க வேண்டும். உள்ளிருக்கும் ஒருவழி வால்வினால், மிஞ்சியுள்ள வெற்றிடத்தை இழக்காமலே அதனைச் செய்யலாம். அந்தக் கோட்டைப் பாராமல் ஏணியில் ஏறுபவரை எந்த நியமமும் காக்காது.

வால்வுகள் அனைத்துக்கும் ஒரு பகை உண்டு. அது மிகச் சிறியது. இறப்பர் உதட்டுக்கும் கண்ணாடிக்கும் இடையே ஒரு தூசி, குண்டு அமரும் வாயிலில் ஒரு துரும்பு, மூடியின் தோலுக்கடியில் ஒரு மணல். அதனாலேதான் தூக்குமுன் கிண்ணத்தையும் தகட்டையும் துடைப்பதும், பாரத்தை ஓரங்குலம் மட்டும் உயர்த்தி மானியின் முள் இறங்குகின்றதா என்று சற்றுநேரம் பார்த்து நிற்பதும் தொழில் அறிந்தோரின் வழக்கமாயின. கடல்மணல் நிறைந்த திருக்கோவிலின் தோட்டங்களில் இதனை எவரும் எழுதி வைக்க வேண்டியிருக்கவில்லை. காலையில் இயந்திரம் வெறுமனே இரைந்தால், தோட்டக்காரர் முதலில் குழாயைக் கிணற்றிலிருந்து மேலே இழுப்பார், அடிமூடியைக் கழற்றுவார், வாளித் தண்ணீரில் அலசி, பெருவிரலால் அதன் விளிம்பைத் தடவிப் பார்ப்பார்.